செல்லுபடியாகும் நாள்

லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டுக்கு எதிரே
ஒரு கோப்பி வாங்கிப் பாதி குடித்து
மீதியைத் தூறலில் வைத்துவிட்டுப் படியேறினேன்.
பிளாஸ்டிக் உறைக்குள் தம்பியின் நிர்வாகம்.
இரண்டு வருடத்துக்கென்று தந்த அதிகாரம்
வெள்ளிக்கிழமையோடு காலாவதி.

எஸ்டேட் இன்னும் முடியவில்லை என்றதும்
கூலிமிலிருந்து அக்காள் ஃபோனில் கேட்டாள்:
எந்த எஸ்டேட்டுடி?
நாமதான் எழுபத்தெட்டிலேயே இறங்கிட்டோமே.

இது சின்ன எஸ்டேட், அக்கா.
ஜெலுத்தோங்கில் பதினோராம் மாடி வீடு, விற்றாயிற்று.
மோட்டார் சைக்கிளைப் பக்கத்து வீட்டு அஸ்மான் எடுத்துக்கொண்டார்,
ஆயிரத்து இருநூறு, ரசீது இருக்கிறது.
பேயான் லெப்பாஸ் ஃபேக்டரியில்
இருபத்தாறு வருடம் இரவு ஷிஃப்ட் பார்த்தவனின் சேமநிதி.
பெண்டாட்டி பிள்ளை இல்லை.
கூடப் பிறந்தவர்களுக்கு ஐந்து பங்கு.
நான்கு கையெழுத்து.

ஐந்தாவது மாசிலாமணி.
தொண்ணூற்றாறில் கப்பலேறியவன்.
கடைசியாக ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து
ஞானசேகரின் நம்பருக்குத்தான் கூப்பிட்டான்,
எங்கள் யாருடைய நம்பரும் அவனிடம் இல்லை.
அதற்கும் பதினாலு வருடம் ஆகிறது.

கிள்ளானிலிருந்து அண்ணன் சொன்னார்:
செத்தவன்னு எழுதிடு.
ஏழு வருஷம் தாண்டினா சட்டமே ஒத்துக்கும்.
ஒத்துக்கொள்ளும்தான்.
ஒரு நாளில் முடிகிற வேலையா அது,
ஒரு தம்பியின் பங்கைப் பிரிக்கப் போய்
இன்னொரு தம்பியையும் முடித்துவைப்பது?

லோயர் ஆபீஸ் ரூபேந்திரன் சுருக்கமாக எழுதியிருந்தான்:
வாரிசு ஒருவரைத் தேடும் பணி நடைபெறுகிறது.
பேப்பரில் விளம்பரம் இரண்டு முறை, நகல் இணைப்பு.

துணைப் பதிவாளர் சின்னப் பெண்.
கணக்கைப் புரட்டிக்கொண்டே வந்தவர்
ஓரிடத்தில் விரலை வைத்து
மலாயில் மெதுவாகத்தான் கேட்டார்:
முப்பது முப்பது ரிங்கிட்டாக இருபத்து மூன்று தடவை.
இறந்தவருக்கு எதற்கு டாப்-அப்?

லோயர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
அவரும் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவில்லை.

போடாவிட்டால் நம்பரை
வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், புவான்.
அவன் கூப்பிட்டால்
யாரோ எடுத்து ராங் நம்பர் என்பார்கள்.

இதுவரை யாராவது கூப்பிட்டார்களா?

மூன்று பேர்.
இன்சூரன்ஸ் விற்கிற ஒரு பெண்.
போலீஸ் என்று சொல்லிக்கொண்ட ஒரு திருடன்,
ஞானசேகர் மேல் வாரண்டு இருக்கிறதாம்.
பத்து காஜா மயானத்தில்தான் எரித்தோம்,
போய்ப் பிடித்துக்கொள் என்றேன்.
பதிவாளர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.
மூன்றாவதைச் சொல்லவில்லை நான்.
யாரும் பேசவில்லை அதில்.
எஞ்சின் மாதிரி ஓர் இரைச்சல்,
பதினெட்டு விநாடி.

காலஞ்சென்றவன் காரியத்துக்குக்
காலம் கேட்டுப் போனேன்.
பன்னிரண்டு மாதம் கிடைத்தது.
இனி நீட்டிப்பு இல்லை என்று ஒரு வரி.
அறுநூற்றுத் தொண்ணூறு ரிங்கிட்டைச் சிவப்பில் அடித்து
எஸ்டேட் செலவு ஆகாது,
நிர்வாகியே ஏற்க வேண்டும் என்று இன்னொரு வரி.
சரிதான்.
ஏற்றுக்கொண்டுதானே கையெழுத்துப் போட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது.
முனைக் கடைக்குள் ஒதுங்கினேன்.
கல்லாவில் இருந்த நேப்பாளத்துப் பையன்
நம்பர் கேட்டான்.
பார்க்காமல் சொன்னேன், பத்து இலக்கமும்.
என் நம்பர் என்றால்
பர்சில் துண்டுச் சீட்டைத் தேட வேண்டியிருக்கும்.

தம்பிக்குக் காலம் சென்று மூன்று வருடம்.
நம்பர் இன்னும் முப்பது நாளைக்குச் செல்லும்.
ரசீதை உறைக்குள் வைக்கப் போய்
நிறுத்தி
ரவிக்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன்.